வெயிலையும் கரியமில வாயுவையும் வைத்து எரிபொருள் காய்ச்சுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சூரிக் நகரில், ஈடிஎச் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் பெரிய பரவளையக் கண்ணாடித் தட்டு ஒன்று வைத்தார்கள். பேராசிரியர் ஆல்டோ ஸ்டைன்ஃபெல்டின் குழு அது. 2019-இல் ஊருக்குக் காட்டினார்கள்; 2021-இல் நேச்சர் இதழில் முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள். உள்ளே போவது காற்றும் வெயிலும் மட்டும். வெளியே வருவது, ஏழு மணி நேர ஓட்டத்தில், 32 மில்லி மெத்தனால். டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் பாதிகூட நிரம்பாது.

அந்த 32 மில்லி எப்படி வந்தது, ஏன் 32 மில்லி மட்டுமே வந்தது என்று படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். 1996-இல் மூலிகை பெட்ரோல் செய்திகளைப் படித்த தலைமுறைக்குக் 'காற்றிலிருந்து எரிபொருள்' என்றதும் சிரிப்பு வருவது நியாயம்தான். அந்தச் சந்தேகத்தைக் கைவிடாமலே படியுங்கள். எரிபொருள் செய்தேன் என்று யார் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அதற்குள் இருக்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது?

பொறியியல் படிக்கிறவர்களையும், செய்முறைத் திட்டமாக இதை எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். வீட்டு மாடியில் செய்து பார்க்கிற வேலை இல்லை இது. வழியில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூச்சில் போனால் ஆளைச் சாய்த்துவிடும்.

தொடங்கும் முன்: தள்ளுபடி இல்லாத விலை

கரியமில வாயு என்பது எரிந்து முடிந்த பொருள், ஒருவகைச் சாம்பல். அதைத் திரும்ப விறகாக்க வேண்டுமென்றால், எரியும்போது வெளியே போன வெப்பத்தையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். 44 கிராம் கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க 283 கிலோஜூல். 18 கிராம் நீராவியை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க 242 கிலோஜூல். எந்த வினையூக்கியும் இந்த விலையைக் குறைக்காது. வேகத்தை மட்டுமே கூட்டும்.

நேராகச் சூடாக்கியே பிரிக்க முடியாதா? முடியும். ஆனால் கணிசமான அளவு பிரிய 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். பிரிந்த இரண்டும் ஒரே கலனுக்குள் கலந்து கிடக்கும். ஆறும்போது மறுபடி சேர்ந்துகொள்ளும், சேரும்போது வெடிக்கவும் செய்யும்.

அதனால் நடுவில் ஒரு தரகரை வைக்கிறார்கள்: ஓர் உலோக ஆக்சைடு. முதலில் அதைக் கடுமையாகச் சூடாக்கினால் அதிலிருந்து ஆக்சிஜன் கொஞ்சம் கழன்று போகும். பிறகு சூட்டைக் குறைத்துக் கரியமில வாயுவையும் நீராவியையும் விட்டால், இழந்த ஆக்சிஜனை அவற்றிடமிருந்து பிடுங்கிக்கொண்டு பழைய நிலைக்கு வந்துவிடும். ஆக்சிஜன் ஒரு நேரத்தில் வெளியேறுகிறது, எரிவாயு இன்னொரு நேரத்தில். இரண்டும் சந்திப்பதே இல்லை. இந்த இரண்டு நேரப் பிரிப்புதான் முழு முறையின் உயிர்.

முதல் படி: வெயிலைத் தேர்ந்தெடுங்கள்

சூடான ஊரெல்லாம் இதற்கு ஏற்ற ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையில் மே மாதம் தோல் உரிகிறது. ஆனால் கடல் ஈரமும் தூசியும் வெளிச்சத்தைச் சிதறடித்து வானம் முழுக்கப் பரப்பிவிடுகின்றன. சிதறிய வெளிச்சத்தைச் சோலார் பேனல் வாங்கிக்கொள்ளும். கண்ணாடியால் குவிக்க முடியாது. நமக்கு வேண்டியது சூரிய வட்டிலிலிருந்து நேர்கோட்டில் வருகிற கதிர். எளிய சோதனை: உங்கள் நிழலின் விளிம்பு கத்தி வெட்டினாற்போல் இருக்கிறதா, மங்கிக் கரைகிறதா?

ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 2,000 கிலோவாட் மணிக்கு மேல் நேர்கதிர் விழும் இடங்கள் வேண்டும். தெற்கு ஸ்பெயின், மொராக்கோ, ராஜஸ்தான், சிலியின் அட்டகாமா இந்த வகை. கணக்குக்கு நாளொன்றுக்கு 6 கிலோவாட் மணி, அதாவது 21.6 மெகாஜூல் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண் பிறகு தேவைப்படும்.

இரண்டாம் படி: கரியமில வாயுவும் தண்ணீரும்

இன்றைய காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 420 பங்கு கரியமில வாயு. உலகைச் சூடாக்க அது போதும். பிடித்து எடுக்க நினைத்தால் எரிச்சலூட்டும் அளவுக்குக் குறைவு. ஒரு கன மீட்டர் காற்றில் முக்கால் கிராம்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் விமான எரிபொருளில் உள்ள கார்பனுக்கு 2.5 கிலோ கரியமில வாயு வேண்டும். ஒன்றுகூடத் தப்பாமல் பிடித்தாலும் அதற்கு 3,300 கன மீட்டர் காற்றைச் சலிக்க வேண்டும்.

சூரிக் மொட்டைமாடியில் இதைச் செய்தது அமீன் பூசிய வடிகட்டி. காற்றை ஊதினால் கரியமில வாயுவும் ஈரமும் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மூடி, காற்றை உறிஞ்சி எடுத்து, 95 டிகிரி வரை சூடாக்கினால் இரண்டும் உதிரும். தண்ணீரும் காற்றிலிருந்தே கிடைத்தது. வாயுவின் தூய்மை 98 சதவீதம்.

பழகுகிறவர்களுக்கு என் யோசனை வேறு. சிலிண்டர் வாங்குங்கள். காற்றிலிருந்து பிடிப்பது தனிக் கலை. இரண்டையும் ஒரே நேரத்தில் கற்க முயன்றால் எது கோளாறு என்றே தெரியாது. பெரிய ஆலை போடும்போது சர்க்கரை ஆலைகளை ஒட்டிய எத்தனால் வடிப்பாலைகளைப் பாருங்கள். நொதித்தல் தொட்டியிலிருந்து வருவது கிட்டத்தட்டச் சுத்தமான கரியமில வாயு, அதுவும் செடி காற்றிலிருந்து எடுத்த கார்பன். சிமென்ட் ஆலைப் புகையையும் பிடிக்கலாம்தான். ஆனால் சுண்ணாம்புக் கல்லிலும் நிலக்கரியிலும் இருந்த கார்பன் ஒரு சுற்று சுற்றிவிட்டு விமானத்தின் வால் வழியாகக் காற்றுக்குத்தான் போகும். அதைச் 'சுழற்சி' என்று விளம்பரப்படுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

தண்ணீர் பெரிய சுமை இல்லை. ஒரு லிட்டர் எரிபொருளுக்குச் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் உள்ளே போகும். பின்னால் வரும் எண்ணெயாக்கும் கட்டத்தில் ஒரு லிட்டர் திரும்பக் கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: வெளிச்சத்தைக் குவியுங்கள்

எவ்வளவு குவிக்க வேண்டும்? இதை யூகிக்க வேண்டாம், கணக்கே சொல்லிவிடும். 1,500 டிகிரியில் இருக்கும் கரும்பொந்து (விழும் வெளிச்சத்தையெல்லாம் விழுங்கும் பொந்து) ஒன்று தன் வாய் வழியாகச் சதுர மீட்டருக்கு 560 கிலோவாட் வெப்பத்தைத் திரும்ப வீசும். நல்ல வெயில் சதுர மீட்டருக்கு 1 கிலோவாட். அதை ஒரு 'சூரியன்' என்போம். 500 சூரியன் குவித்தால் வரவு 500, செலவு 560. அதாவது 1,500 டிகிரியைத் தொடவே முடியாது. 1,000 சூரியன் என்றால் பாதிக்கு மேல் வீண். 3,000 சூரியன் என்றால் வீணாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

இதனால்தான் நீண்ட தொட்டி வடிவக் கண்ணாடிகள் இதற்கு உதவாது. அவை நூறு சூரியனைத் தாண்டுவதே அரிது. இரண்டு அமைப்புகள் சரிவரும். ஒன்று, சூரிக் போல இரு அச்சில் சூரியனைத் துரத்தும் பரவளையத் தட்டு, 3,000 சூரியன் அளவில். மற்றொன்று, தரையில் பரப்பிய பல கண்ணாடிகள் ஒரு கோபுர உச்சியை நோக்கும் முறை. ஸ்பெயினில் மாட்ரிட் அருகே மோஸ்தோலஸில் 'சன் டு லிக்விட்' திட்டம் கட்டியது இந்த இரண்டாவது வகை: சூரியனுக்கேற்பத் திரும்பும் 169 ஹீலியோஸ்டாட் கண்ணாடிகள், 15 மீட்டர் கோபுரம், உச்சியில் 50 கிலோவாட் ரியாக்டர் (வினை நடக்கும் கலன்), சுமார் 2,500 சூரியன்.

குவியம் இருக்கும் பக்கம் வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது. கண்ணாடிகளை நிறுத்திவைக்கும்போது குவியம் எங்கே நகர்ந்து போகிறது என்பதையும் முன்கூட்டியே வரைந்துகொள்ளுங்கள். ரியாக்டரை விட்டு விலகிய வெளிச்சம் காற்றில் மறைந்துவிடாது, அடுத்து எது இருக்கிறதோ அதைச் சுடும்.

நான்காம் படி: தரகர் யார்?

பல ஆக்சைடுகளை முயன்றிருக்கிறார்கள். துத்தநாக ஆக்சைடு கவர்ச்சியானது: முழு ஆக்சிஜனையும் விட்டுவிடும். ஆனால் அதற்கு 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடுவதால், வருவது துத்தநாக ஆவியும் ஆக்சிஜனும் கலந்த வாயு. மின்னல் வேகத்தில் குளிர்விக்காவிட்டால் மறுபடி ஆக்சைடுதான். இரும்பு ஆக்சைடு மலிவு. ஆனால் உருகி ஒட்டிக்கொண்டு, சில சுழற்சியிலேயே சோம்பிவிடும்.

இன்று பெரும்பாலானோர் வந்து நின்ற இடம் சீரியா என்கிற சீரியம் ஆக்சைடு. உருகுநிலை சுமார் 2,400 டிகிரி. ஆக்சிஜன் கொஞ்சம் கழன்றாலும் படிகக் கட்டு குலையாமல் அப்படியே நிற்கும். திரும்ப ஏற்கும் வேகமும் அதிகம். 2010-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்துச் சோசினா ஹைலியும் ஸ்டைன்ஃபெல்டும் சேர்ந்து சயன்ஸ் இதழில் 500 சுழற்சி ஓட்டிக் காட்டிய பிறகு ஆட்டம் இதன் பக்கம் திரும்பியது.

இந்தப் பொருளை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் தூக்கி வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. அந்த ஒரு பங்குதான் வெளிச்சத்தை வெள்ளையாக்கியது. அந்த மேன்டில் தொழிலுக்காகத்தான் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைத் தேடி ஐரோப்பா வந்தது: ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், தோரியமும் சீரியமும் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுபிடித்தார், மறு ஆண்டே அங்கே ஆலை வந்துவிட்டது. மோனசைட்டில் உள்ள அருமண் உலோகங்களில் அதிகம் இருப்பது சீரியம். அருமண் என்று பெயர்தானே தவிர, பூமியின் மேலோட்டில் செம்பு அளவுக்குக் கிடைக்கிற பொருள்.

ஒரு குறை உண்டு, பெரிய குறை. 1,500 டிகிரியில் சீரியா விட்டுக்கொடுக்கும் ஆக்சிஜன், தோராயமாக 200 அணுவுக்கு 3. ஒரு கிலோ சீரியா ஒரு சுழற்சியில் தருவது சுமார் 4 லிட்டர் கார்பன் மோனாக்சைடு, எடையில் 5 கிராமுக்கும் குறைவு.

ஐந்தாம் படி: ரியாக்டர் கட்டுதல்

வடிவம் ஒரு பானைதான்: குறுகிய வாய், அகன்ற வயிறு. வாய் வழியே நுழைந்த வெளிச்சம் உள்சுவரில் பட்டுப் பட்டுத் தெறித்து உள்ளேயே அடங்கிவிடும். வாயை மூட குவார்ட்ஸ் கண்ணாடிச் சாளரம். அதை வெறும் கையால் தொடாதீர்கள். விரல் ரேகையில் இருக்கும் உப்பு, சூட்டில் குவார்ட்ஸைப் பால்போல் மங்கவைக்கும், மங்கிய இடம் வெளிச்சத்தை விழுங்கி மேலும் சூடாகும், கடைசியில் விரிசல்.

உள்சுவரை மூடும் சீரியாவைச் செய்கிற விதம் அழகானது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு போன்ற பாலியூரித்தேன் நுரையை எடுத்து, கார்பன் இழைத் துணுக்குகள் கலந்த சீரியாக் குழம்பில் முக்கி, காயவைத்து, 1,600 டிகிரியில் சுடுகிறார்கள். நுரை எரிந்து போய் மில்லிமீட்டர் அளவுத் துளைகள் மிஞ்சும். இழைகள் எரிந்து போய்ச் சுவருக்குள் மைக்ரோமீட்டர் துளைகள் மிஞ்சும். ஏன் இரண்டும் வேண்டும்? பெரிய துளை இல்லாவிட்டால் வெளிச்சம் மேற்பரப்பையே வறுத்துவிட்டு உள்ளே போகாது. சிறிய துளை இல்லாவிட்டால் வாயு தொட்டு வினைபுரியப் பரப்பு போதாது. 2024-இல் அதே சூரிக் குழு, வெளிச்சம் ஆழத்துக்கு இறங்கும்படி படிப்படியாக அடர்த்தி கூடும் வடிவத்தை முப்பரிமாண அச்சில் வார்த்து, அதே கன அளவில் இரண்டு மடங்கு எரிபொருள் எடுத்தது.

சுற்றிலும் அலுமினா வகைக் காப்பு, வெளியே எஃகு உறை, ஆக்சிஜனை உறிஞ்ச வெற்றிட பம்ப். இத்துடன் கலன் முடிந்தது.

ஆறாம் படி: சுழற்சியை ஓட்டுதல்

வால்வுகளை மூடி, பம்ப்பைப் போட்டு, அழுத்தத்தை வளிமண்டலத்தின் நூறில் ஒரு பங்குக்குக் கொண்டுவாருங்கள். எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு சிறிதளவு ஓடட்டும். வெளிச்சத்தைத் திருப்புங்கள். 1,450 முதல் 1,500 டிகிரி வரை ஏறும். ஏற ஏற ஆக்சிஜன் அளவி காட்டும் கோடும் ஏறும். கோடு படுக்கத் தொடங்கியதும் இன்னும் காத்திருப்பதில் லாபமில்லை. வெளிச்சத்தை விலக்குங்கள், பம்ப்பை நிறுத்துங்கள். 900 டிகிரிக்குக் கீழே வந்ததும் கரியமில வாயுவையும் நீராவியையும் விடுங்கள். இப்போது அளவியில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் எழும். அவை அடங்கியதும் வாயுவை நிறுத்தி, மறுபடி வெளிச்சம்.

ஒரு ரியாக்டர் ஆறும்போது வெயில் வீணாகிறதே? சூரிக்கில் இரண்டு ரியாக்டர்களை அருகருகே வைத்து, நடுவில் சுழலும் இரண்டாம் கண்ணாடி ஒன்றால் குவியத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒன்று காயும்போது மற்றது கறக்கும்.

மேகம் வந்தால் சுழற்சியைப் பாதியில் நிறுத்தவும் தெரிய வேண்டும். பீங்கானுக்கு உயரச் சூடு பிரச்சினை இல்லை. சட்டென்ற மாற்றம்தான் பிரச்சினை. அடிக்கடி அடி வாங்கிய நுரைப் பீங்கான் விரிந்து உதிரும்.

பாதுகாப்பு விஷயம் ஒன்று: கார்பன் மோனாக்சைடுக்கு அமெரிக்கத் தொழிலகச் சட்ட வரம்பு, எட்டு மணி நேர வேலைக்கு, பத்து லட்சத்துக்கு 50 பங்கு. உங்கள் குழாயில் ஓடுவது அதைவிடப் பல்லாயிரம் மடங்கு அடர்த்தி. அளவிக் கருவி சட்டைப்பையில் ஒன்று, சுவரில் ஒன்று.

ஏழாம் படி: எல்லாரும் தடுக்கி விழும் இடம்

இனி வருவதைப் பொறுமையாகப் படியுங்கள். மற்ற படிகளை ஒரு நல்ல பட்டறையும் பணமும் இருந்தால் தாண்டிவிடலாம். இதை இன்னும் யாரும் முழுதாகத் தாண்டவில்லை.

ஒரு கிலோ சீரியாவை எடுத்துக் கணக்குப் போடுவோம். 900-லிருந்து 1,500 டிகிரிக்கு ஏற்ற மட்டும் சுமார் 280 கிலோஜூல். ஆக்சிஜனைக் கழற்ற சுமார் 80 கிலோஜூல். ஆக 360. கிடைக்கும் கார்பன் மோனாக்சைடில் இருக்கும் ஆற்றல் 49 கிலோஜூல். வேறெந்த இழப்பும் இல்லாவிட்டாலும் 14 சதவீதத்துக்கு மேல் வராது. காரணம் வெளிப்படை: செலவில் முக்கால் பங்குக்கு மேல் சீரியாவைச் சும்மா காயவைத்து ஆறவைப்பதற்கே போகிறது.

தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தோசைக்கும் கல்லைப் புதிதாகக் காயவைத்து, எடுத்தபின் ஆறப்போட்டு, அடுத்த தோசைக்கு மறுபடி காயவைத்தால் எரிவாயு என்ன ஆகும்? அதுவும் தோசை 5 கிராம், கல் ஒரு கிலோ.

இதற்கு மேல் வாய் வழியே திரும்ப வீசும் வெப்பம், சுவர் வழியே கசிவது, பம்ப்புக்கு மின்சாரம். நடைமுறையில் வந்த எண்களைப் பாருங்கள். 2010-இல் ஒரு சதவீதத்துக்கும் கீழே. 2017-இல் 4 கிலோவாட் ஆய்வக ரியாக்டரில் 5.25 சதவீதம். மோஸ்தோலஸ் கோபுரத்தில், உண்மை வெயிலில், 2022-இல் வெளியான முடிவுப்படி 4.1 சதவீதம், ஒன்பது நாளில் 62 சுழற்சிகள், 5,191 லிட்டர் தொகுப்பு வாயு (கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்த கலவை). ஏழே ஆண்டில் கண்ட முன்னேற்றம் பெரியதுதான். ஆனால் செய்திகளில் வராத ஒரு நுணுக்கம்: இந்த சதவீதங்கள் ரியாக்டர் வாய்க்குள் நுழைந்த வெளிச்சத்துக்குச் சொல்லப்பட்டவை. கண்ணாடிமேல் விழுந்த வெயிலுக்கு அல்ல.

தீர்வு, ஆறும் சீரியாவின் சூட்டை ஏறும் சீரியாவுக்குக் கொடுப்பது. சொல்ல எளிது. அமெரிக்காவில் சாண்டியா ஆய்வகம் 2000-களின் பிற்பாதியில் எதிரெதிர்த் திசையில் சுழலும் வளைய அடுக்குகளைக் கட்டிப் பார்த்தது: சூடான பக்கத்திலிருந்து வெளிவரும் வளையம், உள்ளே போகும் பக்கத்து வளையத்துக்குச் சூட்டைக் கைமாற்றும். 1,500 டிகிரியில் சுழலும் பாகங்கள் என்றால் தேய்மானம், விரிசல், வாயுக் கசிவு மூன்றும் சேர்ந்தே வரும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு ஒன்று 2023-இல் வட்டப் பாதையில் ரயில் பெட்டிகள்போல ரியாக்டர்கள் ஓட, சூடான பெட்டியும் ஆறிய பெட்டியும் எதிரெதிரே கடக்கும்போது வெப்பம் மாறும் வடிவத்தை முன்வைத்தது. அது வரைபடத்தில்.

நீங்கள் ஆய்வுக்கு எதை எடுப்பது என்று கேட்டால், புதிய ஆக்சைடு தேடுகிறவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள். சூட்டைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறவர்கள் குறைவு. அங்கே போங்கள்.

எட்டாம் படி: வாயுவை எண்ணெயாக்குதல்

இந்தக் கட்டம் பழைய தொழில், அதனால் வேகமாகக் கடக்கலாம். தொகுப்பு வாயுவில் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, கார்பன் மோனாக்சைடு ஒரு பங்கு என்ற விகிதம் வேண்டும். இதைப் பின்னால் சரிசெய்யத் தேவையில்லை. ஆறாம் படியில் நீராவிக்கும் கரியமில வாயுவுக்கும் உள்ள விகிதத்தை மாற்றினாலே வந்துவிடும். இந்த முறையின் பெரிய வசதி அது.

மெத்தனால் வேண்டுமானால் செம்பு–துத்தநாக வினையூக்கி, 50 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல், 250 டிகிரி அளவில். மண்ணெண்ணெய் வேண்டுமானால் 1925-இல் ஜெர்மனியின் ம்யூல்ஹைமில் ஃபிஷரும் ட்ரோப்ஷும் நிலக்கரிக்காகக் கண்டுபிடித்த முறை: கோபால்ட் வினையூக்கி, 200 முதல் 240 டிகிரி, 20 வளிமண்டல அழுத்தம் அளவு. கார்பன்கள் ஒவ்வொன்றாகக் கோத்துச் சங்கிலியாகும். எந்த நீளத்தில் அறும் என்பது நம் கையில் முழுதாக இல்லை. வாயு முதல் மெழுகு வரை எல்லாம் வரும். மெழுகைத் தேவையான நீளத்துக்கு உடைத்து, காய்ச்சி வடிக்க வேண்டும்.

விமானத்தில் ஊற்றலாமா? ஏஎஸ்டிஎம் டி7566 என்ற தர விதி, இந்த வழியில் வந்த மண்ணெண்ணெயை வழக்கமான எரிபொருளுடன் 50 சதவீதம் வரை கலக்க 2009-லிருந்தே அனுமதிக்கிறது. என்ஜினுக்கு வித்தியாசம் தெரியாது.

ஒன்பதாம் படி: மற்றவர்கள் சொல்லும் எண்ணைச் சரிபார்த்தல்

2019-இல் சூரிக் குழு ஒரு மதிப்பீடு சொன்னது: ஒரு சதுர கிலோமீட்டர் ஆலை நாளொன்றுக்கு 20,000 லிட்டர் மண்ணெண்ணெய் தரலாம். இப்போது நம்மிடம் எல்லா எண்களும் இருக்கின்றன, சோதித்துப் பார்ப்போம்.

கண்ணாடிகள் ஒன்றையொன்று மறைக்காமல் இருக்க நிலத்தில் கால் பங்கில்தான் கண்ணாடி வைக்க முடியும் என்று கொள்வோம்: 2,50,000 சதுர மீட்டர். முதல் படியின் 21.6 மெகாஜூலால் பெருக்கினால் ஒரு நாள் வரவு 54 லட்சம் மெகாஜூல். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் 34.5 மெகாஜூல், 20,000 லிட்டருக்கு 6.9 லட்சம். வகுத்தால் வெயிலிலிருந்து எண்ணெய் வரை மொத்தம் 13 சதவீதம் வேண்டும். இன்றைய நிலை? ரியாக்டரில் 4 சதவீதம். அதைக் கண்ணாடிகளின் இழப்பாலும் எண்ணெயாக்கும் இழப்பாலும் குறைத்தால் என் தோராயக் கணக்கில் 1.5 சதவீதம் சுமார். அதாவது தினம் ஒரு லிட்டருக்கு 100 சதுர மீட்டர் கண்ணாடி. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஏழாம் படி தீர்ந்துவிட்டதாக வைத்துச் சொன்னார்கள்.

போட்டியாளரையும் மறைக்கக் கூடாது. சோலார் பேனல் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்தும் இதே எண்ணெய் வரும். பேனல் 20 சதவீதம், மின்பகுப்பு 65 சதவீதம் என்றால் ஹைட்ரஜன் வரைக்கும் 13 சதவீதம், அதுவும் கடையில் வாங்கக் கிடைக்கும் கருவிகளால். வெப்ப வழி வெல்ல வேண்டுமானால் அதைத் தாண்ட வேண்டும். சூட்டை மலிவாகச் சேமித்து இரவிலும் ஆலையை ஓட்டலாம் என்பது அதன் கையில் இருக்கும் நல்ல சீட்டு.

ஈடிஎச்சிலிருந்து பிரிந்து வந்த சின்ஹீலியன் நிறுவனம் அந்தச் சீட்டைத்தான் முதலில் இறக்கியது. 2024 ஜூனில் ஜெர்மனியின் யூலிஷில் திறந்த 'டான்' ஆலையில் சீரியா சுழற்சி இல்லை. உயிரிக் கழிவிலிருந்து வந்த மீத்தேனைச் சூரிய வெப்பத்தால் நீராவியுடனும் கரியமில வாயுவுடனும் வினைபுரியவைத்துத் தொகுப்பு வாயு செய்கிறார்கள். 20 மீட்டர் கோபுரம், பக்கத்தில் வெப்பச் சேமிப்பு. ஆற்றலில் ஒரு பங்கு மீத்தேனிலிருந்து வருவதால் வேலை எளிது. தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். எனக்கு அது புத்திசாலித்தனமான இடைவழியாகவே படுகிறது.

பத்தாம் படி: நீங்கள் எங்கே தொடங்குவது

கோபுரமும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். 1,500 டிகிரி வரை போகும் வெப்ப எடைப் பகுப்பாய்வுக் கருவி (சூடாக்கிக்கொண்டே எடை மாற்றத்தை அளப்பது) இருக்கும் பொருளறிவியல் துறை ஒன்றைக் கண்டுபிடியுங்கள். அலுமினாக் கிண்ணத்தில் 100 மில்லிகிராம் சீரியாத் துண்டு. வெறும் கிண்ணத்தோடு ஒருமுறை ஓட்டி, கருவியின் சொந்த நகர்வைக் கழிக்கக் கோடு எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் வரும் முடிவுகள் எதற்கும் ஆகாது, ஏனென்றால் நீங்கள் தேடும் மாற்றம் அவ்வளவு சிறியது.

பிறகு ஆர்கானில் 1,500 டிகிரி. 200-க்கு 3 என்ற அளவில் ஆக்சிஜன் கழன்றால் எடை 0.28 மில்லிகிராம் இறங்க வேண்டும். ஆர்கானில் ஆக்சிஜன் கலப்படம் இருந்தால் அவ்வளவு இறங்காது. சிலிண்டர் தரத்தை முதலில் சந்தேகியுங்கள், பொருளை அப்புறம். 900 டிகிரிக்கு இறக்கி, ஆர்கானை மாற்றிக் கரியமில வாயுவை விடுங்கள். எடைக் கோடு சில நிமிடத்தில் செங்குத்தாக ஏறி, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். ஏறிய ஒவ்வொரு மைக்ரோகிராமும் கரியமில வாயுவிலிருந்து பிடுங்கிய ஆக்சிஜன். அதே துண்டை எடுக்காமல் இருபது முறை ஓட்டி, இருபதாவது கோட்டை முதல் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கருவியின் புகைக்குழாய் சன்னலுக்கு வெளியே போகிறதா என்பதை மட்டும், தொடங்கும் முன், ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.